பழைய நிலைக்குள் இருந்த காசும் அதன் மேலிருந்த சாயமும்: பினாங்குத் தச்சுப்பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பட்டர்வொர்த்துக்குச் சற்று வெளியே, ஒரு கம்பத்து வீட்டின் பின்பக்கம் தகரக்கூரை போட்டு நடக்கும் தச்சுப்பட்டறை இது. நடத்துபவர் அறுபதைத் தாண்டிய ஆசாரி. கூட வேலை செய்பவர் அவருடைய அக்காள் மகன். மருமகனின் மனைவியும் இரண்டரை வயது மகளும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். பட்டறைக்கும் அடுப்பங்கரைக்கும் இடையில் ஒரு கதவு. அது பகலில் சாத்தப்படுவதே இல்லை.

பூஜையறைக் கதவு, ஊஞ்சல், கோயில் பல்லக்குப் பழுது என்று ஓடிக்கொண்டிருந்த பட்டறைக்குச் சில ஆண்டுகளாகப் பழைய மரத்தில் வேலை கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். பழைய மரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளை நெடுங்காலம் காப்பாற்றி வைத்திருந்தது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குறைந்த வாடகையில் குடியிருந்தவர்களை எழுப்ப முடியாததால் உரிமையாளர்கள் கட்டடத்தில் கைவைக்கவில்லை. அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் கட்டுப்பாடு முடிவுக்கு வந்ததும் வீடுகள் காலியாயின; இடிப்பும் புதுப்பிப்பும் தொடங்கின. 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் நகரம் இடம்பெற்ற பிறகு மைய எல்லைக்குள் கண்டபடி இடிக்க முடியாது. அந்த எல்லைக்கு வெளியே அப்படியில்லை. அங்கே விழும் உத்தரமும் கைமரமும் நிலையும் லோரியில் ஏறிப் பாலம் கடந்து பெருநிலத்துக்கு வந்துசேர்கின்றன.

வேலை கொடுத்தவர்கள் புக்கிட் மெர்தாஜாமில் புதுவீடு கட்டிய தம்பதியர். கணவர் தொழிற்சாலைப் பொறியாளர், மனைவி மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர். சாப்பாட்டு மேசை ஒன்று, ஊஞ்சல் ஒன்று, பூஜையறைக்குப் பழைய நிலையோடு கூடிய இரட்டைக் கதவு ஒன்று. கதவிலும் நிலையிலும் வெளிறிப் படர்ந்திருந்த பச்சைச் சாயத்தை அப்படியே விட வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. "அந்தப் பச்சைக்காகத்தான் அண்ணே இவ்வளவு விலை கொடுத்து எடுத்தோம்" என்று மருமகனிடம் அந்த அம்மா முதல்நாளே சொல்லியிருந்தார். மருமகனும் தலையாட்டிவிட்டார்.

என்னை இடையில்தான் கூப்பிட்டார்கள். அதற்கு முன் நடந்ததை அவர்கள் சொன்னபடி எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டிருக்கின்றன.

மரம் வந்து இறங்கியபோது

வியாபாரி எல்லாவற்றையும் செங்கால் (chengal என்ற உள்நாட்டு வன்மரம்) என்று சொல்லி விற்றிருந்தார். நிலையும் கதவுச் சட்டமும் செங்கால்தான். இழைத்த குறுக்குவெட்டில் வெள்ளைப் பிசின் அடைத்த மெல்லிய கோடுகள் வளையம் வளையமாகத் தெரிந்தன. கையில் தூக்கினாலும் சந்தேகம் போய்விடும். காய்ந்த செங்கால் ஒரு கனமீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் நிற்கும். ஆனால் ஊஞ்சலுக்கென்று ஒதுக்கிய அகலப் பலகைகள் வேறு மாதிரி இருந்தன. அழுக்குப் போக ஈரத்துணியால் துடைத்தபோது துணி காப்பி நிறமானது. தரையில் சொட்டிய தண்ணீர் சிமென்டில் கறையாக நின்றது. மெர்பாவ் மரம் தண்ணீர் பட்டால் இப்படித்தான் சாயம் கக்கும். நுண்குழாய்களில் கந்தக நிறத்தில் மஞ்சள் துகள் இருந்ததையும் ஆசாரி காட்டினார்.

மெர்பாவ் மட்டமான மரம் இல்லை. இங்கே பிரச்சினை ஊஞ்சல் தொங்கவேண்டிய இடம். கார் நிறுத்தும் முன்றிலில், மழைச்சாரல் அடிக்கும் ஓரத்தில், வெள்ளை டைல்ஸ் தரைக்கு மேல் அதை மாட்டுவதாகத் திட்டம். ஆசாரி அன்றே தொலைபேசியில் பேசி ஊஞ்சலை உள்கூடத்துக்கு மாற்றச் சொன்னார். இரும்புச் சங்கிலியும் வேண்டாம் என்றார். இந்த மரத்தின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கருப்பாகும். பித்தளைச் சங்கிலி முடிவானது. அதில் அந்த அம்மாவுக்கு மகிழ்ச்சிதான்.

உத்தரங்களில் ஆணி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கையடக்க உலோகமானியால் தடவிப் பார்த்துப் பிடுங்கினார்கள். ஆனாலும் ஒன்று தப்பியது. தலை முறிந்து, மேலே மாவு அடைத்துச் சாயம் பூசப்பட்ட பழைய சதுர ஆணி, மரத்துக்குள் ஆழத்தில் இருந்தது. பேண்ட்சா என்கிற ரம்ப இயந்திரத்தின் பற்கள் வரிசையாகப் போயின. பின்னால் அந்த வெட்டுமுகத்தை நான் பார்த்தேன். ஆணியைச் சுற்றி மரம் மைக்கூடு கவிழ்ந்ததுபோல் கருநீலமாக ஊறியிருந்தது. அந்தக் கறை மரத்தின் மேல்முகத்திலும் லேசாகத் தெரிந்தது. மானி கத்தாத இடத்திலும் கருநீலம் தெரிந்தால் உள்ளே இரும்பு உண்டு என்று கொள்ளலாம். இந்த அறிகுறியை இளம் தச்சர்கள் பலர் பார்ப்பதில்லை, கருவியை நம்புகிறார்கள்.

நிலைக்குள் இருந்தது

ரம்ப வாள் போன பிறகு ஆசாரி ஒரு விதி போட்டார்: மானி கத்தும் இடத்தில் இயந்திரம் போகக்கூடாது, உளிதான். நிலையின் கீழ்ச்சட்டத்தில், நிலைக்கால் வந்து இறங்கும் பொருத்துக்கு அருகில் மானி விடாமல் கத்தியது. மருமகன் பழைய அச்சாணி என்று நினைத்து உளியை வைத்தார். மேலே தக்கையாக அடித்திருந்த மரத்துண்டு கழன்று வந்தது. கீழே கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு குழி. அதில் பொடிந்துபோன துணி, அரிசியோ தானியமோ என்று சொல்ல முடியாத உமிச் சாம்பல், மூன்று காசுகள்.

காசுகள் சதுரமானவை, மூலை மழுங்கியவை. பினாங்கு அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியான நீரிணைக் குடியேற்றங்களின் ஒரு சென்ட். ஒரு முகத்தில் ஐந்தாம் ஜார்ஜின் தலை, இன்னொரு முகத்தில் 1920. மூன்றிலும் அதே ஆண்டு. ஆக அந்த நிலை அதற்குப் பிறகு வைக்கப்பட்டது, அநேகமாகப் பளபளப்புக் குறையாத புதுக்காசாகத் தேடிப் போட்டிருக்கிறார்கள். நிலை வைக்கும்போது நவதானியமும் காசும் மஞ்சள் துணியில் முடிந்து வைப்பது நம் வழக்கம். பெரும்பாலும் நிலைக்கு அடியில் வைப்பார்கள். இங்கே சட்டத்துக்குள்ளேயே குடைந்து வைத்து மூடியிருக்கிறார்கள். தக்கையின் நார் சட்டத்தின் நாரோடு பொருந்தும்படி வெட்டியிருந்தது. மேலே சாயமும் ஏறியதால் எவ்வளவு உற்றுப்பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

ஆசாரி உடனே கைகழுவிவிட்டு வந்து கும்பிட்டார். அன்றைக்கு வேலை நின்றது. அக்கம்பக்கம் கூடியது, படம் எடுத்தார்கள், ஒருவர் காசுக்கு விலை விசாரிக்கத் தொடங்கினார். அதன்பின் ஓரிரு நாளுக்குப் பட்டறையில் பேச்செல்லாம் காசைப் பற்றித்தான். இந்த ஆய்வில் இதை நான் கவனத்தோடு குறிப்பிடுவதற்குக் காரணம், அதே நாட்களில் நிலையின் மறுபக்கத்தில் சேண்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

தூசி

பச்சையை வைத்துக்கொள்வதென்றாலும், உரிந்து தூக்கிநின்ற இடங்களைச் சமப்படுத்த வேண்டும் அல்லவா? மருமகன் நிலை, கதவு இரண்டையும் உலர்வாகவே மெஷினில் தேய்த்தார். முகத்துக்குச் சாதாரணத் துணிக் கவசம். தூசி பிடிக்கும் பையும் இருந்தது, ஆனால் மென்மையான தூசி அதன் நெசவு வழியே வெளியே வந்துவிடும். பச்சைக்குக் கீழே நீலம், அதற்குக் கீழே இளமஞ்சள், மரத்தோடு ஒட்டிக் கடைசியாக ஓர் ஆரஞ்சுச் சிவப்பு. தேய்த்த விளிம்பில் நான்கும் அடுக்கடுக்காகத் தெரிந்தன. அழகாகவே இருந்தது. மருமகன் அதைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பியிருந்தார்.

காசைப் பார்க்க வந்த அந்த அம்மாதான் முதலில் தயங்கியவர். பொட்டலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் கண்ணில் பட்டது குழந்தை. பட்டறை வாசற்படியில் உட்கார்ந்து, மரத்துண்டுகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். உள்ளங்காலில் மங்கிய ஆரஞ்சுத் தூசி. விரல் வாயில். ஆய்வுக்கூடத்தில் ஈயப் பரிசோதனை செய்து பழகியவர் என்பதால் அவருக்குச் சட்டென்று தோன்றியிருக்கிறது.

"அண்ணே, இந்த அடிச்சாயம் எந்தக் காலத்தது?"

"நூறு வருசமாவது இருக்கும்மா. காசே சொல்லுதே."

"அப்ப மெஷினை நிறுத்துங்க. பாப்பாவை உள்ள தூக்கிட்டுப் போய்க் குளிப்பாட்டச் சொல்லுங்க."

அந்தக் காலத்துச் சாயத்தில் ஈயம் இருப்பது விதிவிலக்கே இல்லை. வெள்ளைக்கு ஈயவெள்ளை, அடிப்பூச்சுக்கு ஈயச்செந்தூரம் என்பதுதான் உலகெங்கும் வழக்கம். அமெரிக்கா வீட்டுச் சாயத்தில் அதைத் தடை செய்ததே 1978-இல். சாயம் சுவரில் அசையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. உலர்வாகத் தேய்க்கும்போதும், வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் அதிகச் சூடேற்றும்போதும், விறகாக எரிக்கும்போதும்தான் அது மூச்சுக்கும் வாய்க்கும் வந்துசேர்கிறது.

இந்தக் கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

எடுத்த முடிவுகள்

முதலில் கடையில் கிடைக்கும் தேய்ப்புப் பரிசோதனைக் குச்சியை வாங்கிவந்தார்கள். ஈயம் இருந்தால் அதன் நுனி சிவக்கும். இங்கே அது பயன்படவில்லை. அடிச்சாயமே சிவப்பு என்பதால் நுனியில் ஒட்டியது வேதிமாற்றமா சாயமா என்று பிரித்தறிய முடியவில்லை. அதனால் நான்கு அடுக்கும் சேர்ந்த ஒரு சில்லைப் பெயர்த்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். முடிவு வந்தபோது எடையில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் ஈயம். புதிய சாயத்துக்கு உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் பரிந்துரைக்கும் உச்சவரம்பு பத்து லட்சத்தில் 90 பங்கு. ஐந்து விழுக்காடு என்பது பத்து லட்சத்தில் 50,000.

முடிவுக்குக் காத்திருக்காமல் செய்தது இரண்டு. அடுப்பங்கரைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டது ஒன்று. குழந்தை, மருமகன், ஆசாரி மூவருக்கும் கிளினிக்கில் இரத்தம் எடுத்தது மற்றொன்று. குழந்தைக்கு ஒரு டெசிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம், மருமகனுக்கு 24, ஆசாரிக்கு 11. எந்த அளவும் பாதுகாப்பானது இல்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 5-ஐத் தொட்டாலே மூலத்தைக் கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது 2021-இல் வந்த அதன் வழிகாட்டி. குழந்தைக்கு மருந்து வேண்டாம் என்றார் மருத்துவர். ஈயத்தை இழுத்து வெளியேற்றும் சிகிச்சையைக் குழந்தைகளுக்கு 45-ஐ ஒட்டித்தான் யோசிப்பார்கள். தூசியை நிறுத்துவது, கை கழுவுவது, இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறையாமல் சாப்பாடு கொடுப்பது. இரும்புச்சத்துக் குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். மருமகனின் மனைவி அன்று யாரோடும் பேசவில்லை என்று ஆசாரி சொன்னார்.

பட்டறையைப் பெருக்கக்கூடாது என்று முடிவு செய்தோம். விளக்குமாறு பட்டால் தூசி மறுபடி கிளம்பும். நுண்வடிகட்டி உள்ள வெற்றிடத் துப்புரவுக் கருவி வாடகைக்கு வந்தது. பிறகு ஈரத்துணியால் துடைத்தார்கள். வேலை உடுப்பு வீட்டுத்துணியோடு சலவைக்குப் போகக்கூடாது என்று தனி வாளி வைத்தார்கள்.

யாரும் எதிர்பாராத இடத்தில் ஒரு சிக்கல் வந்தது. பட்டறைத் தூளை இரண்டு வீடு தள்ளி ஆடு வளர்ப்பவர் கொட்டகைக்கு விரிப்பதற்காக வாங்கிப்போவது வழக்கம். மெஷின் பையிலிருந்த தூசியும் அதே சாக்கில் சேர்ந்திருந்தது. ஒரு சாக்கு ஏற்கெனவே விரிக்கப்பட்டுவிட்டது. கட்டியிருந்ததைத் திரும்ப எடுத்தார்கள், விரித்ததை அள்ளினார்கள். சாயம் ஒட்டிய வெட்டுத்துண்டுகளைப் பொங்கலுக்கு அடுப்பெரிக்க ஒரு பாட்டி ஒதுக்கி வைத்திருந்தார். அதையும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. "நல்ல விறகுப்பா, செங்கால்" என்று அவர் வருத்தப்பட்டார். ஈயம் ஏறிய தூளும் சுரண்டலும் 2005-இன் பட்டியலிட்ட கழிவு (Scheduled Wastes) விதிமுறைகளின் கீழ் வரக்கூடியவை என்பதால் இரட்டைப் பையில் கட்டி, உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்தின் வழியாக அனுப்பினோம். சிறு பட்டறைக்கு அந்தச் செலவு கடினமானது. வீட்டுக்காரர் பாதியை ஏற்றுக்கொண்டார். ஏற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

பச்சையை என்ன செய்வது என்பதில்தான் வாக்குவாதம். மேலே தெளிவான வார்னிஷ் பூசி மூடிவிட்டால் போதாதா என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. கை படாத, உரசாத பரப்பில் அது ஏற்கத்தக்க வழிதான். ஆனால் கதவு ஒவ்வொரு முறை சாத்தும்போதும் நிலையை உரசும். உரசிய இடத்தில் வார்னிஷ் தேய்ந்து சாயம் பொடியும். விளக்கேற்றும் அறை வேறு, குழந்தைகள் தரையில் உட்காரும் இடம். அந்த அம்மா, பச்சையை அதிகம் விரும்பியவர், முதலில் வேண்டாம் என்றவரும் அவரே. முழுச் சாயத்தையும் எடுப்பதென்று முடிவானது. வெட்டவெளியில் தடித்த பிளாஸ்டிக் விரித்து, வேதிக் களிம்பு தடவி, தண்ணீர் தெளித்துத் தெளித்து உளிப்பட்டையால் சுரண்டினார்கள். முகத்துக்கு நுண்துகள் வடிகட்டும் கவசம். மெல்ல நடக்கிற, அலுப்பான வேலை.

காசு யாருடையது

தேசிய மரபுடைமைச் சட்டம் 2005-இன்படி, மரபுடைமை மதிப்புள்ளதாகக் கருதக் காரணமுள்ள பொருளைக் கண்டெடுப்பவர் ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். மூன்று செம்புக் காசு அந்த வகையா என்று ஆளுக்கொரு கருத்து. ஆசாரி வாதாடவில்லை, படத்தோடு ஒரு கடிதம் எழுதி மாவட்ட அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். இன்னொரு பக்கம் வியாபாரி வழியாக இடிப்பு ஒப்பந்தக்காரர், அவர் வழியாக நிலத்தை விற்ற குடும்பம் என்று தேடிப்போனதில், ஈப்போவில் இருக்கும் ஒரு பேரன் கிடைத்தார். அவருடைய தாத்தா கட்டிய வீடு. வந்து வாங்கிக்கொண்டு போனார். துணியும் தானியமும் கடலில் விடப்பட்டன. அதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

பின்விளைவு

மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் குழந்தைக்கு 8-லிருந்து 5-ஆகவும், மருமகனுக்கு 24-லிருந்து 13-ஆகவும் இறங்கியிருந்தது. இரத்தத்திலிருக்கும் ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்புக்குள் போனது பல்லாண்டு அங்கேயே தங்கி மெல்ல வெளியே கசியும். அதனால் கணக்குப்படி இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. குழந்தைக்கு இன்னும் பரிசோதனை தொடர்கிறது. பேச்சிலும் நடையிலும் குறை ஏதும் தெரியவில்லை என்கிறார் மருத்துவர். ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவற்றை யாரும் சோதிக்கவுமில்லை.

சாப்பாட்டு மேசை, சாயமே படாத உத்தரங்களிலிருந்து வந்தது. இடிப்புத்தளத்தில் மழையில் கிடந்த மரம் என்பதால் குளிரூட்டிய அறைக்குப் போகுமுன் பல வாரம் அடுக்கிக் காயவைத்தார்கள். ஆணிக் கறை பட்ட ஒரு பலகையை வேண்டாம் என்று ஒதுக்க நினைத்தபோது வீட்டுக்காரரே அதை மேசையின் நடுவில் வைக்கச் சொன்னார். பூஜையறைக் கதவு பச்சை இல்லாமல், செங்காலின் கருங்காவி நிறத்திலேயே நிற்கிறது. தக்கை இருந்த குழியைப் புது மரத்தால் ஆசாரி அடைத்தார். அதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு புதுக்காசு கேட்டு வாங்கினார்.

மாற்றியவையும் மாறாதவையும்

இப்போது மரம் இறங்கியதும், உலோகமானியை எடுக்குமுன், சாயம் உள்ளதையும் இல்லாததையும் பிரித்து அடுக்குகிறார்கள். சாயமுள்ள எதற்கும் ஒரு சில்லு ஆய்வகத்துக்குப் போகும். அந்தச் செலவு விலைப்புள்ளியிலேயே தனி வரியாக வருகிறது. முடிவு வரும்வரை அதன் மேல் ஈர வேலை மட்டும். வாடிக்கையாளர் பழைய சாயத்தை வைத்துக்கொள்ளக் கேட்டால், எந்த இடத்தில் வைக்கலாம் எங்கே கூடாது என்று முதல்நாளே எழுதிக் கொடுக்கிறார்கள். பட்டறைத் தூளில் சாயமில்லாத மரத்தினுடையது மட்டும் ஆட்டுக்கொட்டகைக்குப் போகிறது. அடுப்பங்கரைப் பக்கக் கதவு செங்கல் வைத்து அடைக்கப்பட்டது. பட்டறைக்கு இப்போது வெளியே சுற்றித்தான் போக வேண்டும். சோறு கொண்டுபோக வெயிலில் நடக்க வேண்டியிருக்கிறது என்று ஆசாரியின் மனைவி குறைப்படுகிறார், ஆனால் திறக்கச் சொல்லவில்லை.

என் கணிப்பில் இதில் இன்னும் ஓட்டை உண்டு. ஈயத்துக்கு மட்டும்தான் பார்க்கிறார்கள். பழைய ரயில்தண்டவாளக் கட்டை வந்தால் கிரியோசோட் என்ற தார் எண்ணெய், பதப்படுத்திய வேலிக்கால் வந்தால் ஆர்செனிக் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கேள்வி இருக்கிறது. மரம் முன்பு என்னவாக இருந்தது என்பதை வாங்கும்போதே எழுதி வாங்கினால் பாதிக் கேள்வி அங்கேயே முடியும். வியாபாரியிடம் இதைப் பேசிப்பார்த்தோம். கேட்டுக்கொண்டார். அவர் கடை முகப்பில் பழைய கதவுகள் இன்னும் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. சாயம் உரிந்து அடுக்குத் தெரிகிற கதவுக்குத்தான் விலை கூடுதல்.